வந்தவரும் போனவரும்



பட்டமளிப்பு விழாவில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் கொடுங்கையூர் வரை வந்துவிட்டு, இந்த வட்டாரத்தின் பழைய கதையைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கப்பலேறிப் போனவர்களும் கப்பலிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்து உண்டாக்கியதுதான் வடசென்னை.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். அடிமை முறையை 1833இல் சட்டம் போட்டு ஒழித்த பிரிட்டிஷ் பேரரசுக்கு, தோட்டத்தில் பாடுபட வேறு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895இல் டர்பன் அடங்கிய நேட்டாலின் அரசு ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டது. தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கூலி 10 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். ஆக, ஆறு மாத உழைப்பு வரிக்கே சரி. ஆள் வேண்டும்போது கப்பல் வரும். வேண்டாதபோது சட்டம் வரும். குடியேற்றத்தின் சரித்திரத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போனவர் வெளிநாடு போவதாக நினைக்கவில்லை. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் 10 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். இந்தியர்கள் மீது அங்கே கிளம்பிய கோபத்துக்கும் காரணம் இருந்தது. அரிசி விலை சரிந்து கடன் அடைக்க முடியாமல் போனதில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த விவசாயி, மூட்டை தூக்கிய தமிழரையும் அதே கண்ணோடு பார்த்தார்.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. கடையும் போய், கையிலிருந்த காசும் போய், தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். அவர்களில் பலர் குடியேறிய இடங்கள்தான் வியாசர்பாடியும் எண்ணூர் பர்மா நகரும். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் உருவானது. மாலையில் பர்மிய உணவான அத்தோ விற்கும் கடை முன் நின்று பாருங்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் நொறுக்கிய பேஜோ பலகாரமும் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, மிளகாய்த்தூள் தூவிக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். இதைச் சாப்பிட்டு வளர்ந்த உங்களில் யாரும் இதை வெளிநாட்டுச் சாப்பாடு என்று சொல்ல மாட்டீர்கள்.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடுமை. தேயிலை மலைகளில் தலைமுறைகளாக உழைத்த இந்தியத் தமிழர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் தலைவிதி பேசப்பட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பங்காளிகள் காணியைப் பிரிக்கிற மாதிரி மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புழல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் ஓடிவந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட முகாம்களில்தான் வளர்கிறார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பார்கள். உங்கள் பாடப்புத்தகத்தையே படித்து, உங்கள் வயதிலேயே பட்டம் வாங்கும் ஒரு முகாம்வாசிப் பெண், அரசு வேலைக்கு விண்ணப்பம் போடப்போனால் அந்தத் தேதி குறுக்கே நிற்கும்.

உங்கள் பாஸ்போர்ட்டையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பட்டதாரியான உங்களுக்கு அது தேவையில்லை. எட்டாவதோடு நின்றுபோன உங்கள் தெருத் தோழனுக்குத் தேவை. அவனைக் காப்பாற்றத்தான் அந்த விதி. அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதபோதுதான் ஏஜென்ட் அந்த அனுமதியைத் தாண்டிப்போக விசிட் விசாவை நீட்டுகிறார்.

எந்த நாடும் விதியே இல்லாமல் கதவைத் திறந்துவைக்க முடியாது. விதி வேண்டும். ஆனால் விதியை எழுதுகிறவர் தலைநகரத்தில் இருக்கிறார். அதை நடத்துகிறவர் கவுன்டரில் இருக்கிறார். உங்களில் பலர் நாளை உட்காரப்போவது அந்தக் கவுன்டரில்தான்: வங்கியில், தாலுகா ஆபீஸில், பள்ளியில், கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவில்.

மணலியிலும் எண்ணூரிலும் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒரு தாய், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருவார். வயதுச் சான்று இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அது தெரிந்தவர் நாற்காலியில் இருந்தால் பிள்ளை அன்றே வகுப்பில் உட்காரும். தெரியாதவர் இருந்தால் தாயும் பிள்ளையும் திரும்பிப் போவார்கள். அந்த நாற்காலிக்கு நீங்கள் வரும்போது சட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள். எதிரில் நிற்பவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.