குரல்வளைக் கட்டிக்குப் பெயரிடுதல்



தோட்டத்து வேலையில் குரல் கம்முவது நமக்குப் புதிதன்று. விடியற்பனியில் பால்மரக் காட்டுக்குப் போகிறோம். தொண்டை கட்டினால் மிளகுக் கஷாயம் குடிக்கிறோம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மூன்று வாரம் கடந்தும் கம்மல் நீங்காவிட்டால், விழுங்கும்போது வலித்து அந்த வலி காதுவரை ஏறினால், காது மூக்குத் தொண்டை நிபுணர் குரல்வளையைப் பார்த்தே ஆகவேண்டும். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் நாம் முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலோ சுங்கை பாக்காப் மருத்துவமனையிலோ காட்டி, நிபுணரிடம் போகக் கடிதம் கேட்கலாம்.

குரல்வளைப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலானவை உட்தோலில் தோன்றுபவை. புகைப்பதால் வருபவையே அதிகம். நாம் இன்று பேசுவது நூற்றில் ஒன்றுகூட இராத வேறோர் இனம். நரம்பின் தன்மையும், இரசம் சுரக்கும் சுரப்பியின் தன்மையும் சேர்ந்த உயிரணுக்களில் தோன்றுவது. குரல்வளையில் இத்தகைய கட்டியை 1969-இல்தான் ‘கார்சினாய்டு’ என்ற பெயரில் முதன்முதலாக விவரித்தார்கள்.

இவ்வளவு அரிய நோயைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். இதில் பெயர் தவறினால் வைத்தியமே தவறிவிடும்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர் நிறத்தை மட்டும் நம்புவதில்லை; தரையில் கிடக்கும் உதிரிப் பழத்தை எண்ணிப் பார்க்கிறார். மருத்துவரும் எண்ணத்தான் செய்கிறார். கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, நுண்பெருக்கியின் கீழ் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை அணுக்கள் பிரிந்து பெருகுகின்றன என்று பார்க்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, இரண்டுக்குக் கீழே இருந்து, திசு அழுகலும் இல்லாவிட்டால் முதல் தரம். இரண்டு முதல் பத்து வரை இருந்தாலோ, அழுகல் தென்பட்டாலோ இரண்டாம் தரம். பத்துக்கு மேலிருந்தும் அணுக்கள் தம் ஒழுங்கை இழக்கவில்லையென்றால் மூன்றாம் தரம். ஒழுங்கே குலைந்து வெறிகொண்டு பெருகுவது தனி வகை. அதில் சிற்றணு, பேரணு என இரண்டுண்டு.

குரல்வளையில் முதல் தரம் அபூர்வம். இரண்டாம் தரமே அதிகம். புகைபிடிக்கும் ஆண்களுக்கு, அறுபது வயதையொட்டி, குரல் நாண்களுக்கு மேற்பகுதியில் வரும். கழுத்து நெறிகளுக்கும் பரவுவதால் அவற்றையும் சேர்த்து அறுவை செய்வார்கள். கதிர் வைத்தியத்துக்கு இது அவ்வளவாக மசியாது. சிற்றணுப் புற்றோ நேர்மாறு. அது சீக்கிரமே உடலெங்கும் பரவுவதால் குரல்வளையை வெட்டியெடுத்துப் பெரும்பயனில்லை. மருந்தும் கதிருமே வழி. ஊர்ச் சந்தியில் பாதை பிரிவதுபோல வைத்தியம் இங்கே பிரிகிறது. பெயர் மாறிப்போனால், ஒருவர் வீணாகக் குரலை இழக்கலாம். இன்னொருவர் பயன்படாத வைத்தியத்தில் மாதங்களை இழக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இக்கட்டி பலமுறை ‘கால்சிட்டோனின்’ என்ற பொருளைக் காட்டும். தைராய்டு சுரப்பியின் ஒருவகைப் புற்றும் அதையே காட்டும். கழுத்து நெறியில் மட்டும் துணுக்கெடுத்துப் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ண இடமுண்டு. அதனால் இரத்தத்தில் அப்பொருளின் அளவையும் தைராய்டையும் சோதிப்பார்கள்.

எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து மருத்துவமனையில் பாதுகாத்து வைப்பார்கள். ஐயம் இருந்தால், மீண்டும் உடலைக் கீறாமலே, வேறொரு நிபுணர் அதைப் பார்க்கும்படி நாம் கேட்கலாம்.