காப்பீட்டு அட்டைக்கு முன்னால்



ஒரு தலைமுறைக்கு முன்பு, இதய அறுவை சிகிச்சை என்றதும் ஏழைக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தன, நிலத்தை விற்றன, அதுவும் இல்லாதவர்கள் நோயாளியை வீட்டுக்கே அழைத்துச் சென்றார்கள். அந்த நிலையை மாற்ற ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தருகிறது. வரிப்பணம் இதைவிட நல்ல வழியில் செலவாவது அரிது.

ஆனால் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கைகொடுக்கின்றன. மாதாமாதம் மருந்துக்கடையில் கொடுக்கும் பணத்துக்கு காப்பீட்டு அட்டை செல்லாது. இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்காகக் கையிலிருந்து செலவிடும் தொகையில் பெரும்பங்கு மருந்துக்கே போகிறது.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்கிறார். துணைக்கு வந்த மனைவி வெளியே காத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இருவருக்கும் கூலி இல்லை. சிகிச்சைக்கான பணத்தைக் காப்பீடு கட்டிவிடுகிறது. போன கூலியை யாரும் கொடுப்பதில்லை. இப்படி வருகிறவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். விலை குறைந்த மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிட்டு, அவ்வப்போது பரிசோதனையும் செய்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் இந்தப் படுக்கைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அந்த மாத்திரையை ஊருக்குக் கொண்டுபோகும் வழியும் நமக்குத் தெரியும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் தன் பாஸ்புக்கைக் காட்டி, ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே போன்ற கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர் கருவியையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது.

புறநோயாளியையும் மருந்தையும் சேர்த்தே பாதுகாக்க முடியும் என்பதற்குத் தாய்லாந்து சான்று. அந்நாடு 2002இல் அனைவருக்கும் மருத்துவம் என்று சட்டம் இயற்றியது. ஒரு முறை மருத்துவரைப் பார்க்க 30 பாட் கட்டணம். மீதியை அரசின் பொது வருவாய் ஏற்றது. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதில் அடக்கம். பதிவு செய்துகொண்ட மக்களின் தலைக்கு இவ்வளவு என்று பணம் வட்டார மருத்துவமனைகளுக்குப் போனது; நோயாளி முதலில் செல்ல வேண்டியதும் அருகிலிருந்த அந்த இடத்துக்குத்தான். இது ஓர் இரவில் நடந்ததல்ல. அதற்கு முன்பே பல ஆண்டுகள் கிராமப்புறங்களில் மருத்துவமனைகளைக் கட்டி, பட்டம் பெற்ற மருத்துவர்களை அங்கே பணிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தத் திட்டத்தின் சிற்பியான சங்குவான் நித்தயாரம்போங்கும் கிராமத்தில் பணியாற்றிய மருத்துவர்தான்.

நான் காப்பீட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டிய பணத்தை எடுத்து அட்டைக்குக் கொடுக்கும் அரசு, நோயை வளரவிட்டுப் பிறகு பெரிய விலை கொடுக்கும்.

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, வேறு காரணத்துக்காக வந்தவரானாலும் ஒருமுறை ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அரசு மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும் மருந்து இருக்கும்போது வெளியே வாங்கும்படி எழுதாதீர்கள். செவிலியர்களே, மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று நோயாளியைக் கோபமில்லாமல் கேளுங்கள். பதில் பெரும்பாலும் காசாகவோ பேருந்தாகவோ இருக்கும். நாளை கொள்கை வகுக்கும் இடத்தில் நீங்கள் அமரும்போது, புறநோயாளிக்கும் மருந்துக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். நோய் முற்றும் முன்பே மக்களைச் சென்றடைவதுதான் அனைவருக்குமான மருத்துவம். அதைச் செய்து முடிக்கும் தலைமுறையாக நீங்கள் இருக்க வேண்டும்.