குளமும் உரிமமும்

தாய்லாந்து நாட்டின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தைக் குறிக்கிறது. நாங்கூரைச் சார்ந்த ஒருவர் தோண்டிய அக்குளம், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் வைக்கப்பட்டது. பொருள் தேடிக் கடல் கடந்தோர் அயல்மண்ணில் நீர்நிலை ஒன்றையும் காத்து நின்றனர்.

இன்று அந்நாட்டில் தொழில் தொடங்க விழையும் அயலார் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. வணிக விசா, நுழைந்து தங்குவதற்கான இசைவு. பணி உரிமம், உழைப்பதற்கான இசைவு. விசா மட்டுமே பெற்றவர் தம் சொந்த நிறுவனத்தில் பணியாற்றினும் சட்டத்தை மீறியவராவார். பொதுவிதியின்படி, அயலார் ஒருவரின் உரிமத்திற்கு நிறுவனத்தின் பதிவு மூலதனம் 20 லட்சம் பாட் இருத்தல் வேண்டும். விசாவை ஓராண்டுக்கு நீட்டிக்க, அந்நாட்டு ஊழியர் 4 பேருக்கு வேலை அளித்திருத்தல் வேண்டும்.

இவ்விதியைத் தடை என்று மட்டும் கொள்வது பொருந்துமா? வந்தவர் ஈட்டலாம், இருந்தவரும் வாழ வேண்டும் என்பதே இதன் உட்கிடை. அன்று வணிகர்பால் இருந்தது குளத்தின் காவல். இன்று அவர்பால் இருப்பது நால்வரின் பிழைப்பு. புலம்பெயர்வைப் பாடும் கவிஞர்கள் பிரிவுத் துயரோடு நின்றுவிடாது, சென்ற மண்ணுக்குச் செலுத்தும் கடனையும் பாடுவார்களாக!