பேஸ்மென்ட்டில் சிக்னல்: பூஸ்டர் வேண்டாம், வேறு வழி இருக்கிறது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செல்போன் சிக்னல் குறித்து இன்று இரண்டு யோசனைகள் நம் முன் இருக்கின்றன. ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மொட்டை மாடியில் மாட்டிவிடலாம் என்பது ஒன்று. ஒரு நிறுவனம் இலவசமாக ஆன்டெனா போட்டுத் தருகிறேன் என்கிறது, ஆனால் பத்து வருடத்துக்கு வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது என்கிறது. அதில் கையெழுத்துப் போடலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் இன்று நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நாம் எப்படியோ சமாளிக்கிறோம், பால்கனிக்குப் போனால் பேச முடிகிறது. சிக்கல் எல்லாம் பொது இடங்களில்தான்: தரைத்தளத்துக் கடைகள், கிளினிக், கம்யூனிட்டி ஹால், இரண்டு பேஸ்மென்ட்டுகள். காய்கறி வாங்கிவிட்டு ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தால் சிரித்துவிட்டுச் சில்லறை கொடுத்துவிடலாம். இரண்டாவது பேஸ்மென்ட் அப்படியில்லை. பொதுவாக நம் சிம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112-க்கு அழைப்பு போகும். 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று திரையில் வருவது அதைத்தான் சொல்கிறது. அங்கே அதுகூட வருவதில்லை. காரை நிறுத்திவிட்டு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இன்னொருவர் கண்ணில் படும் வரை அவர் தனிதான்.

டவர் பக்கத்திலேயே இருக்கிறதே, ஏன் இப்படி என்று பலர் கேட்கிறீர்கள். குறை டவரில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ரேடியோ அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியோ 20 முதல் 30 டெசிபல் வரை குறைத்துவிடும். 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ஹாலின் முன்புறம் முழுக்க அந்தக் கண்ணாடிதான். ஏசி பில் குறைந்தது, போனும் செத்தது! பேஸ்மென்ட்டுக்கு மேலே கம்பி கட்டிய கான்கிரீட், சுற்றிலும் மண். 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு நுழையும். 5ஜி-க்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் இன்னும் சீக்கிரம் மடங்கிவிடும். எனவே 5ஜி வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இப்போது பூஸ்டர். இந்த ஹாலில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ' என்று அலறுகிறதல்லவா, மாடி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையில் அதுவேதான் நடக்கும். அந்த அலறல் நம் காதுக்குக் கேட்காது, டவருக்குக் கேட்கும். அந்த இரைச்சலில் தெருவில் இருக்கும் மற்றவர்களின் அழைப்பும் அறுந்துபோகும். தவிர, இது சட்டவிரோதம். உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதே 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி குற்றமாக இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதி தேவை. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. நோட்டீஸ் வந்தால் சங்கத்தின் பெயருக்குத்தான் வரும்.

முறையான வழி, கட்டடத்துக்குள்ளேயே ஆன்டெனா அமைப்பு. கீழே ஓர் அறையில் நிறுவனங்களின் கருவி இருக்கும். அங்கிருந்து ஷாஃப்ட் வழியாக கேபிள் ஏறி, கூரையில் ஸ்மோக் டிடெக்டர் அளவில் சின்னச் சின்ன ஆன்டெனாக்களில் முடியும். மால்களிலும் விமான நிலையங்களிலும் இருப்பது இதுதான். ஒரே கேபிள் அமைப்பில் ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் எல்லாமே ஓடலாம். அதனால்தான் ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். இப்படி மற்றவர்களை வெளியே நிறுத்தும் ஒப்பந்தங்கள் கூடாது என்று டிராய் 2017-லேயே பரிந்துரை செய்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதிக்காக நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறைகளையும் கொண்டுவந்தது. நாளை வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ போகும்போது அந்த நட்சத்திரத்தையும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

கதிர்வீச்சு பயம் சிலருக்கு இருக்கிறது, நியாயம்தான். இந்தியாவில் டவர்களுக்கான வரம்பு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்கு. கூரை ஆன்டெனாவின் சக்தி டவரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. சிக்னல் பலவீனமான இடத்தில் நம் காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் கத்திக் கத்திப் பேசுகிறது. பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் அதனால்தான்.

அது வரும் வரை ஹாலிலும் கிளினிக்கிலும் பேஸ்மென்ட்டிலும் சங்கத்தின் வைஃபை போடலாம். போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்தால் சாதாரண அழைப்பே அதன் வழியாகப் போகும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போகும்போது இதுவும் போய்விடும்.

நான்கு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதம் எழுதத் தயார் செய்திருக்கிறேன். அதோடு இணைக்க அளவுகள் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் மோசம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, நான்கு நிறுவன சிம்மும் கையில் உள்ளவர்கள் தலா இரண்டு பேர் முதல் பேஸ்மென்ட் லிஃப்ட் அருகே வந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் எல்லா இடத்தையும் குறித்துவிடலாம். பேனா நான் கொண்டுவருகிறேன்.