இரத்தப் புற்றுநோயும் பங்கசும்

பாடசாலையில் பழைய பாணில் பூத்த பங்கசை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோமே, அதன் உறவினர்கள்தான் ஈரம் ஊறிய லயத்துச் சுவரிலும் உக்கிய குப்பையிலும் வளர்பவை. அவற்றின் வித்திகளைத் தினமும் சுவாசிக்கிறோம். வெண்குருதிக் கலங்கள் அழித்துவிடுகின்றன. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு பதுளைத் தோட்டங்களுக்குத் திரும்பும் பிள்ளைக்கோ அந்தக் காவல் சில காலம் இல்லை. அஸ்பெர்ஜிலஸ் நுரையீரலில் பற்றுவது அபூர்வம்தான்; பற்றினால் உயிராபத்து.

காய்ச்சலுக்குப் பெரும்பாலும் பக்டீரியாவே காரணம். அன்டிபயோட்டிக் ஏற்றியும் 4, 5 நாள் விடாவிட்டால் வைத்தியர்கள் பங்கசைச் சந்தேகிப்பார்கள். அதற்கு வொரிகோனசோல், அம்போட்டெரிசின் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். எதுவானாலும் 38 பாகையைத் தாண்டினால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக் கூடாது. தாய்மார் தாமதிப்பது அலட்சியத்தால் அல்ல. அன்றைய பேர் போய்விடுமே! தோட்டங்களில் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் இருக்கும் நம்மவர்கள் அன்றிரவே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள். வாகனக் கூலியை நாங்கள் பகிர்ந்துகொள்வோம்.