தொடாமல் பாடும் பெட்டியும் தொடவிடாத பூட்டும்

(கோரிக்கைப் பேரணிக்காகச் சென்னை வந்து மயிலாப்பூரில் தங்கியிருந்த மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் தோழர்களிடையே, பேரணிக்கு முந்திய இரவு கலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை.)



நம் பாட்டுக்குழுத் தோழர் ஒருவர் சற்று முன்பு இந்த மேடையில் ஒரு பெட்டியின் முன்னால் நின்று வாசித்தார். பெட்டியை அவர் தொடவில்லை. காற்றில் கையை அசைத்தார், பெட்டி பாடிற்று. முன்வரிசையில் ஓர் அம்மாள், “என்னமோ மந்திரம் போடறான்” என்று சொன்னது நம் காதில் விழுந்தது. மந்திரம் இல்லை, அம்மா! மின்சாரம். இந்த வாத்தியத்துக்குத் தெரமின் என்று பெயர்.

நாளைக் காலை பேரணி. இந்த நேரத்தில் வாத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நாளை நாம் கொண்டுபோகும் கோரிக்கைகளில் ஒன்றின் கதை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் இது எப்படிப் பாடுகிறது என்று பார்ப்போம். பெட்டியில் இரண்டு கம்பிகள். நிமிர்ந்து நிற்கும் கம்பியை வலது கை நெருங்கினால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும். வளைந்து கிடக்கும் கம்பியை இடது கை நெருங்கினால் சத்தம் அடங்கும். உள்ளே மின்சாரம் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை அதிர்கிறது. அவ்வளவு வேகம் மனிதக் காதுக்குக் கேட்காது. இப்படி அதிரும் சுற்று இரண்டு. ஒன்று மாறாமல் 5,00,000 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது கம்பியோடு சேர்ந்தது. கை நெருங்கியதும் நம் உடம்பே அந்தச் சுற்றில் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதன் அதிர்வு கொஞ்சம் குறைந்து 4,99,560 ஆகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 440. அந்த 440-தான் நம் காதில் சுரமாக விழுகிறது. பழைய வால்வு ரேடியோவின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கீச்சென்று கத்தியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே சங்கதிதான்.

இதில் வீணையின் மெட்டு இல்லை, ஹார்மோனியத்தின் கட்டை இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். நம் சங்கீதத்தின் கமகத்துக்கும் பொருந்தும். நம் தாய்மார்கள் பாடும் ஒப்பாரியின் இழுப்புக்கும் பொருந்தும்.

இதைச் செய்தவர் யார்? லெவ் டெர்மன் என்னும் ருஷ்ய விஞ்ஞானி. 1896-இல் பிறந்தவர். செல்லோ என்னும் பெரிய பிடில் வாசிக்கத் தெரிந்தவர். புரட்சிக்குப் பிறகு, 1920 வாக்கில், பெட்ரோகிராடில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கையை அசைத்தால் கருவியின் ஓசை மாறுவதைக் கண்டார். அளக்க வந்த கருவி வாத்தியமாகிவிட்டது.

நம் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923-இல். அதற்கு முந்திய ஆண்டு, 1922 மார்ச்சில், டெர்மன் கிரெம்ளினில் லெனின் முன்பு இதை வாசித்துக் காட்டினார். லெனின் வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை; எழுந்து வந்து தானே வாசித்துப் பார்த்தார். டெர்மன் முதலில் அவருடைய கைகளைப் பிடித்து வழிகாட்டினார். பிறகு லெனின் தாமாகவே வாசித்தார். நாடு பஞ்சத்தில் கிடந்த காலம் அது. ஊர் ஊராக மின்சாரம் கொண்டுபோக வேண்டும் என்று லெனின் திட்டம் போட்டிருந்த காலமும் அதுவே. மின்சாரம் பாட்டாளிக்கு விளக்கு தரும், யந்திரம் தரும், பாட்டும் தரும் என்று காட்ட இதைவிட நல்ல சாதனம் ஏது?

ஆனால் அதற்குப் பிறகு இந்த வாத்தியத்துக்கு இரண்டு பூட்டுகள் விழுந்தன.

முதல் பூட்டு முதலாளிகளுடையது. 1927-இல் டெர்மன் வெளிநாடு போனார். 1928-இல் அமெரிக்காவில் காப்புரிமை பதிவாயிற்று. 1929-இல் ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனி உரிமையை வாங்கி ஏறக்குறைய 500 பெட்டிகள் செய்தது. விலை 175 டாலர். வால்வும் ஒலிபெருக்கியும் தனி விலை. அந்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது, வேலையின்மை வந்தது. யார் வாங்குவார்? கம்பெனி கைவிட்டது.

இரண்டாவது பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தரப்பில் விழுந்த பூட்டு என்பதற்காக மறைப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. 1938-இல் டெர்மன் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். 1939-இல் கைது செய்யப்பட்டார். கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு சிறைக்குள்ளேயே இருந்த ரகசிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார். பாடும் கருவியைச் செய்த கை ஒட்டுக்கேட்கும் கருவியைச் செய்தது. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் வீட்டுச் சுவரில் தொங்கிய மரச் சின்னத்துக்குள் அது பல ஆண்டுகள் இருந்து, 1952-இல் அகப்பட்டது. 1956-இல் டெர்மன் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த மனிதர் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? 1991-இல், பலர் கட்சியை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, 94 வயதில் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1993-இல் காலமானார். அவர் மனம் பெரிது. ஆனால் அநீதி அநீதிதான். இலாபத்துக்காகப் பூட்டினாலும், பயத்தால் பூட்டினாலும், அறிவு பூட்டப்பட்டால் மக்களுக்குத்தான் நஷ்டம்.

பூட்டைத் திறந்தது யார்? பத்திரிகைகள்! அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பையன் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரமின் செய்தான். வளர்ந்த பிறகு, 1961-இல், டிரான்சிஸ்டர் தெரமின் செய்யும் முறையை அவரே ஒரு பத்திரிகையில் படம் போட்டு எழுதினார். அதைப் பார்த்துச் செய்தவர்கள் பலர். சில ஆண்டுகளில் அதே மூக் சின்தசைசர் என்னும் வாத்தியத்தைச் செய்தார். இன்றைய சினிமாப் பாட்டில் அந்த வழியில் வந்த ஒலி இல்லாத பாட்டு அபூர்வம். வரைபடம் வெளியே வந்தது, சந்ததி பெருகிற்று.

இன்று அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் உர்ஸ் காவ்டென்ஸ் என்பவர் ‘ஓபன் தெரமின்’ என்று ஒன்றை வடிவமைத்தார். சுற்றின் படம், பலகையின் படம், சில்லுக்குள் எழுதப்படும் நிரல், எல்லாவற்றையும் உலகுக்குத் திறந்து வைத்தார். மூன்றாம் பதிப்பு அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் மேல் செருகுவது. நான்காம் பதிப்பு தனியாகவே ஓடுவது. ஒவ்வொரு பதிப்பிலும் முன்னதன் குறை திருந்தியிருக்கிறது. யாரும் செய்யலாம், யாரும் திருத்தலாம்.

தஞ்சைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழா தெரியுமல்லவா? 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் அங்கே பாரம்பரிய விதை கொடுத்தார். 2 கிலோ வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதைக்கு விலையில்லை, பெருக்கித் தருவதே விலை. திறந்த வரைபடத்தின் நியாயமும் அதுதான். எடுத்துக்கொள், திருத்து, திருத்தத்தைப் பொதுவில் வை.

நமக்கு இது எப்படி வந்தது? நம் பாட்டுக்குழுவின் மின்சுருதிப் பெட்டி ஒரு நாள் ஊமையாயிற்று. தி. நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். “போர்டு வராதுங்க, புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். நம் இளம் தோழர் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே சில்லின் மேல் அச்சடித்திருந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்! கெட்டது எது என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்? தெரியக்கூடாது என்று செய்த வேலை.

அந்த ஆத்திரத்தில்தான் இந்தப் பெட்டியைச் செய்ய முனைந்தோம். உண்டியலில் சேர்ந்த பணத்தோடு மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குப் போய், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினோம். அடையாறில் ஒரு தோழரின் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பற்றவைத்தோம். பெட்டி பாடவில்லை, ஊளையிட்டது. ஒரே இரைச்சல். கை ஓரிடத்தில் நின்றாலும் சுரம் தள்ளாடிற்று. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் ஒரு வாரம் நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பலனில்லை.

ஒரு மாலை நம் வயர்மேன் தோழர் வந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எர்த் எங்கேப்பா?” எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெட்டி செல்போன் சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எர்த் கிடையாது. நம் உடம்பு பூமியோடு சேர்ந்து நிற்கிறது, பெட்டி அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம் இரண்டும் எப்படி ஒத்துப்பாடும்? ஒரு கம்பியை எர்த்தில் சேர்த்தார். இரைச்சல் அடங்கிற்று. சுரம் நின்றது.

பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் திருந்தின. பெட்டி சூடேறச் சூடேறச் சுருதி நகர்ந்தது. ஆகவே பத்து நிமிஷம் ஓடவிட்டு, எல்லோரும் விலகி நின்று, சுருதியைப் புதிதாகக் குறித்துக்கொள்ளப் பழகினோம். கம்பியின் பக்கத்தில் சுரங்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு பிள்ளை நிரலைத் திருத்தி இடைவெளியைச் சற்றுச் சமமாக்கினான். இன்னொருவர் ஒலியைத் தம்பூரின் நாதத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். எல்லாவற்றையும் தமிழில் எழுதி, படம் வரைந்து, பொதுவில் வைத்துவிட்டோம். முதல் வரி, “எர்த் பார்க்கவும்.”

தோழர்களே! இதன் பொருள் என்ன? வரைபடம் திறந்திருந்ததால்தான் வயர்மேனின் அறிவு அதற்குள் போக முடிந்தது. மூடிய பெட்டியின் முன் அவர் வெறும் வாடிக்கைக்காரர். திறந்த பெட்டியின் முன் அவர் விஞ்ஞானி!

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2016 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நம் ஏ. ஆர். ரகுமான் கையில் பட்டை கட்டிக்கொண்டு காற்றிலிருந்து இசை எழுப்பினார். உலகம் வியந்தது. பட்டைக்குள் இருந்தது இன்டெல் கம்பெனியின் கியூரி என்ற சில்லு. 2017-இல் அந்தச் சில்லைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. கலைஞன் எவ்வளவு பெரியவனானாலும் கம்பெனி கதவை மூடினால் மூடியதுதான். டெர்மனின் பெட்டியோ நூறு ஆண்டுக்குப் பிறகும் அடையாறு திண்ணையில் பிறக்கிறது.

நாம் நிற்கும் இந்த மயிலாப்பூருக்கு மார்கழி வந்தால் சங்கீதம்தான். அங்கே முழங்கும் மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் வேண்டும். அதைத் தேர்ந்து, வார் பிடித்து, சுருதி கூட்டித் தருபவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் உலகுக்குத் தெரியும். அவருடைய மிருதங்கத்தைச் செய்த பர்லாந்து பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 2020-இல் டி. எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கை கலாக்ஷேத்திரா சில நாள் முன்பு திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் இதழியல் கல்லூரியில் நடந்தது. சில்லின் மேல் எண்ணைச் சுரண்டுவதும் வாத்தியத்தின் மேல் உழைத்தவன் பெயரைச் சுரண்டுவதும் ஒரே கத்திதான்!

இப்போது கோரிக்கைக்கு வருகிறோம். கோவை மில் தோழர்களே! ஒரு காலத்தில் ஸ்பிண்டிலின் சத்தம் மாறினால் பிட்டருக்குக் காதாலேயே கோளாறு தெரியும். இன்று கண்ட்ரோல் போர்டு போனால்? “கம்பெனி ஆள் வரணும்” என்கிறார்கள். மிஷின் நிற்கிறது. நின்ற நாளுக்குக் கூலி யார் தருகிறார்? முப்பது வருஷ அனுபவம் உள்ள தொழிலாளி, “உனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒதுக்கப்படுகிறார். தெரியாமல் போகவில்லை; தெரியவிடவில்லை! வயல்களில் அறுவடை மிஷின் நடுவில் நின்றால் இதே கதை.

2022-இல் மத்திய சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால் கமிட்டி போட்டதால் போர்டு ஓடாது. ஆகவே கேட்கிறோம்: புதிய மிஷின் வரும்போது அதன் வரைபடமும் பழுதுபார்க்கும் புத்தகமும் தமிழில் தொழிலாளர் கைக்கு வர வேண்டும், அங்கே வேலை செய்பவருக்கே பயிற்சி தர வேண்டும், பொதுப் பணத்தில் வாங்கும் யந்திரம் எதுவும் பூட்டிய யந்திரமாக இருக்கக்கூடாது, கோளாறால் மிஷின் நின்ற நாளின் கூலியைப் பிடிக்கக்கூடாது.

இந்தப் பெட்டி சிறிது. இதனால் மில்லை ஓட்ட முடியாது, நெல்லை அறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் காட்டிவிட்டது. மூடி திறந்திருந்தால் உழைப்பவன் திருத்துவான். திருத்தினால் யந்திரம் அவனுக்கு அடங்கும்.

கூட்டம் முடிந்ததும் பெட்டியைத் திண்ணையில் வைக்கிறோம். மூடியும் திறந்திருக்கும், படமும் பக்கத்தில் இருக்கும். குழந்தைகள் வரலாம், தாய்மார்கள் வரலாம். மந்திரம் என்று சொன்ன அம்மாள்தான் முதலில் கையை நீட்ட வேண்டும். நாளைக் காலை அதே கை கொடி பிடிக்கட்டும்!