முதுமையில் தசை இழப்பும் பயிற்சி என்னும் மருந்தும்

(திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற விழாவில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்வரங்கிற்கு வரும் வழியில் மலைக்கோட்டையைக் கண்டுதான் நீங்கள் அனைவரும் வந்திருப்பீர்கள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை 417 படிகள் என்பர். வெளியூரிலிருந்து வந்துள்ள குடும்பங்களில் இளையோர் மாலையில் மேலே ஏறிக் காவிரியையும் திருவரங்கத்துக் கோபுரத்தையும் கண்டு திரும்புவர். பெரியவர்களை மட்டும் கீழே ஓரிடத்தில் அமர்த்திவிடுவர். “உங்களால் முடியாது, இங்கேயே இருங்கள் அப்பா” என்னும் சொல் அன்பினால் வருவதே. அவ்வாறு அமர்த்தப்பட்ட கால்களுக்கு ஆண்டு செல்லச் செல்ல என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நாற்பது வயதைக் கடந்தபின் நம் உடலின் தசை சிறிது சிறிதாகக் குறைகின்றது. அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவு பெறுகின்றது. 1989ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்குச் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘சதை வறுமை’ என்பது அதன் பொருள். 2016இல் அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணும் வழங்கப்பட்டது. ஆகவே, “வயதானால் அப்படித்தான்” என்று நாம் ஒதுக்கிவிடும் தளர்ச்சியை மருத்துவ உலகம் இன்று நோய் என்றே கொள்கின்றது. நோய் என்றால் மருந்து உண்டன்றோ?

தசையில் மெதுவாக இயங்கும் இழைகளும் உண்டு, விரைந்து இயங்கும் இழைகளும் உண்டு. முதுமை முதலில் மெலியச் செய்வது விரைவிழைகளையே. கால் தடுக்கும்போது மறுகாலைச் சட்டென முன்வைத்து உடலைத் தாங்குபவை அவைதாம். அவை நலிந்தபின் குளியலறை ஈரத்தில் ஒரு சறுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிகின்றது. அதன்பின் படுக்கை. அப்படுக்கையே எஞ்சிய தசையையும் உண்கின்றது. நோயில்லாத முதியோர் பன்னிருவரைப் பத்து நாள் படுக்கையில் இருத்தி ஆராய்ந்த ஒரு குழு 2007இல் தன் முடிவை வெளியிட்டது. கால்களின் தசை மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. பத்தே நாளில்! ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லும் முன் நாம் இதனை எண்ணுதல் வேண்டும்.

இனி மருந்தைக் கூறுகின்றேன். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சராசரியாகத் தொண்ணூறு வயதினர் பதின்மருக்கு மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்தனர். முன்தொடைத் தசைக்கு வாரம் மூன்று நாள், படிப்படியாகக் கூட்டப்பட்ட எடை, அவ்வளவே. முடிவு 1990இல் வெளிவந்தது. பயிற்சியை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலிமையில் 32 விழுக்காடு குறைந்தது என்பதையும் அவர்களே பதிவு செய்துள்ளனர். இரத்த அழுத்த மாத்திரையைப் போல இம்மருந்தும் தொடர்ந்து உட்கொள்ளத் தக்கது.

“நான்தான் நாள்தோறும் நடக்கின்றேனே” என்று என்னிடம் வருவோரில் பலர் கூறுவர். நடை இதயத்திற்கு நல்லது, சர்க்கரை நோய்க்கு நல்லது. அதனை விட வேண்டா. ஆனால் சமதரையில் நடப்பது தொடைக்குப் பெரும் சுமையன்று. தசை வளர்வதற்குச் சுமை வேண்டும். நம் முன்னோர்க்கு அச்சுமை கேளாமலே கிடைத்தது. ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்று வாளியும் கைக்கு. தரையில் அமர்ந்து உண்டு எழுதல் காலுக்கு. இம்மலையுச்சியை ஒட்டிய இயற்கைக் குகையில் இன்றும் சமணர் கற்படுக்கைகள் உள்ளன. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் உண்டு. அவ்விடத்தை அடையும் வழியைக் கண்டவர்கள் அறிவர், அது கால்வலிமை இல்லாதவர்க்குரிய வழியன்று. அங்கே உறைந்த அடிகள்மார் உணவுக்காக ஊருக்குள் இறங்கி மீண்டும் ஏறியிருத்தல் வேண்டும். இன்று நம் வீட்டில் மிக்சியும் லிஃப்டும் உயர்ந்த நாற்காலியும் வந்துவிட்டன. வரட்டும், அவை எடுத்துக்கொண்ட சுமையை வேறு வழியில் நாம் திருப்பித் தந்தாக வேண்டும்.

செய்முறை எளிது. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் இட்டு, கைகளை மார்பில் கட்டி, எழுந்து அமர்க. பள்ளியில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணத்தின் பாதியே இது. பத்து முறை செய்தபின் ‘இன்னும் இரண்டு மூன்று முறைதான் இயலும்’ என்னும் களைப்பு வருதல் வேண்டும். அக்களைப்பு வராத பயிற்சி வெறும் அசைவே. எளிதாகிவிட்டால், தோளில் ஒரு மஞ்சள் பையில் இரண்டு கிலோ அரிசியைத் தொங்கவிட்டுச் செய்க. சமையல் மேடையைப் பற்றிக் குதிகாலை உயர்த்துதல், சுவரில் கையூன்றித் தண்டால், மாடிப்படி ஏறுதல் ஆகியவற்றையும் சேர்க்கலாம். இறங்கும்போது மெல்ல இறங்குக. நீண்டுகொண்டே சுமை தாங்கும் தொடைத் தசைக்கு அதுவே சிறந்த பயிற்சி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒரு நாள் ஓய்வு. மூச்சை அடக்கலாகாது. நெஞ்சுவலி உள்ளவர், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடையவர், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உணவைப் பற்றி நம் குடும்பங்களுக்கெனச் சில சொல்ல வேண்டியுள்ளது. ஞாயிறு மறையுமுன் உண்பவர்க்கு மறுநாள் காலை வரை நீண்ட இடைவெளி உண்டு. எனவே பகலுணவுகள் ஒவ்வொன்றிலும் புரதம் இருத்தல் இன்றியமையாதது. முதியோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பர் வல்லுநர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். இரண்டு இட்டலியும், நீர்த்த சாம்பார் சோறும் இதனைத் தாரா. நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஒரு குவளைப் பாலில் ஆறேழு கிராம். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தயிர், பனீர் எல்லாம் நம் நெறிக்கு உட்பட்டவையே. சிறுநீரக நோயாளர் மட்டும் தம் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்க. நோன்பு நாள்களில் கடும்பயிற்சி வேண்டா. ஆயினும் உணவு மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. அதே பாஸ்டன் குழுவினர் 1994இல் நூறு பேரைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றோரின் தளர்ச்சி நீங்கவில்லை; பயிற்சி பெற்றோர்க்கோ படியேறும் ஆற்றல் 28 விழுக்காடு கூடிற்று.

படுக்கையில் இருக்கும் பெரியவர் வீட்டில் உண்டெனில், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வந்து பயிற்சி தருகின்றார், கட்டணம் இல்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம்.

இப்போது ஒரு சோதனை. அறுபதைக் கடந்தவர்கள், மூட்டுவலி மிகுதியாக இல்லாதவர்கள், கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமருங்கள். பிள்ளைகள் அருகில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். கைகொடுக்க வேண்டா, விழாமல் காத்தால் போதும். ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த வரம்பு 12 நொடி. அதற்குள் முடித்தவர்கள் அமர்ந்து இளைப்பாறலாம். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பயிற்சியை உடனிருந்து கற்பித்து அனுப்புகின்றேன்.